நீர் போன வழியில் அந்தலூசியா

மாலகா கடற்கரையில் பழைய மரப்படகு ஒன்றில் மணலை நிரப்பி அதை அடுப்பாக்கியிருந்தார்கள். ஒலிவக் கட்டைகள் கனன்றுகொண்டிருந்தன. பெரியவர் ஒருவர் மத்தி மீன்களை ஆறாறாகக் குச்சியில் கோத்து, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, மணலில் சாய்வாகக் குத்தி வைத்தார். கல்லுப்பைத் தவிர வேறெதுவும் சேர்க்கவில்லை. எஸ்பெத்தோ என்று பெயர். கையால் பிய்த்துத்தான் சாப்பிட வேண்டும் என்பது அந்த ஊர்ப் பழக்கம். எங்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கல்லூரியில் ஒன்றாகப் படித்த நால்வர் நாங்கள். ஒருவன் முப்பது ஆண்டுகளாக மத்ரித்தில் இருக்கிறான். இன்னொருவன் பொதுப்பணித் துறையில் பாசனப் பொறியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். மூன்றாமவன் எங்கே பாட்டுக் கேட்டாலும் நின்றுவிடுகிறவன். கடற்கரையில் சில நாள் கிடந்து பழைய கதைகளைப் பேசிவிட்டுத் திரும்புவது என்பதற்கு மேல் திட்டம் ஏதும் இல்லை. அதையும் ஓர் ஆறு கலைத்துவிட்டது.

மாலகாவின் நடுவே போகும் அந்த ஆற்றுக்குக் குவாதல்மெதினா என்று பெயர். ஆண்டின் பெரும்பகுதி அது சுவர்களுக்கு நடுவே காய்ந்து கிடக்கும் வெறும் தரை. நாங்கள் போனது 2025 மார்ச் இறுதியில். சில ஆண்டு வறட்சிக்குப் பிறகு தெற்கு ஸ்பெயினில் அப்போதுதான் தொடர்மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஆற்றில் செம்மண் நிற நீர் ஓடியது. பொறியாளன் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். "தண்ணி எங்கேயிருந்து வருதுன்னு போய்ப் பார்க்கலாம்டா" என்றான்.

மத்ரித் நண்பன் பெயருக்குப் பொருள் சொன்னான். அரபியில் 'வாதி' என்றால் ஆறு, 'மதீனா' என்றால் நகரம். ஆக, நகரத்து ஆறு. 711-இல் தாரிக் இப்னு ஸியாத் படையோடு கரையேறிய பாறைதான் ஜிப்ரால்டர். 'ஜபல் தாரிக்', தாரிக்கின் மலை, என்பதே மருவி அப்படி ஆயிற்று. அன்றிலிருந்து 1492 வரை, இந்தத் தெற்குச் சீமையின் ஏதாவது ஒரு பகுதியையேனும் முஸ்லிம் அரசர்கள் ஆண்டார்கள். ஆட்சி முடிந்து 500 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆறுகள் மட்டும் இன்னும் அரபிப் பெயரிலேயே ஓடுகின்றன. "குவாதல்னு தொடங்குற ஆறாப் பார்த்துப் போய்க்கிட்டே இருப்போம்" என்று முடிவாயிற்று. மறுநாள் காலையில் மலை ஏறினோம்.

ரோந்தாவை இரண்டாக வகிர்ந்துகொண்டு போகிறது ஒரு பள்ளத்தாக்கு. அடியில் ஓடுவது குவாதலெவின். 'பால் ஆறு' என்று பொருள் சொல்கிறார்கள். பொறியாளன் வாணியம்பாடிக்காரன். "அப்போ பாலாறுன்னு சொல்லு" என்றான், ஊருக்கே வந்துவிட்டவனைப் போல. அவனுடைய பாலாற்றில் மணல்தான் மிச்சம். இங்கே பாறையை அறைந்துகொண்டு நீர் போகிறது.

பள்ளத்தாக்கின் குறுக்கே 98 மீட்டர் உயரத்தில் நிற்கிறது புதுப்பாலம். 'புது' என்பது பெயர்தான், 1793-இல் முடிந்தது. அதற்கு முன் அவசரமாகக் கட்டிய பாலம் 1741-இல் இடிந்து விழுந்து ஏறத்தாழ ஐம்பது பேரைக் கொன்றதால், இந்த முறை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டு, பள்ளத்தின் அடியிலிருந்தே கல்லை அடுக்கி எழுப்பினார்கள். எல்லோரும் பாலத்தின் மேல் நின்று படம் எடுக்கிறார்கள். நாங்களும் எடுத்தோம். ஆனால் ரோந்தாவில் என் மனத்தில் தங்கியது மேலே இருந்த பாலம் அல்ல.

பழைய ஊர்ப் பக்கத்தில் ஒரு மாளிகைத் தோட்டத்திலிருந்து பாறைக்குள்ளேயே குடைந்த படிக்கட்டு ஆறு வரை இறங்குகிறது. இருட்டு, ஈரம், உயரம் ஒன்றுக்கொன்று ஒவ்வாத படிகள். 14-ஆம் நூற்றாண்டில் முற்றுகைக் காலத்துக்காக வெட்டிய ரகசிய நீர்வழி இது. படிக்கு ஒருவராகக் கைதிகளை நிறுத்தி, தோல் பைகளில் நீரைக் கைமாற்றி மேலே ஏற்றியிருக்கிறார்கள். 1485-இல் கிறித்தவ அரசான காஸ்தீயாவின் படை ஊரை வளைத்தபோது, பீரங்கிகளால் மதிலைத் தகர்த்ததோடு இந்த நீர்வழியையும் கண்டுபிடித்து அடைத்தது. சில நாட்களில் ரோந்தா பணிந்தது. அடிப்படியில் நின்று நீரைத் தொட்டுப் பார்த்தேன். மேலே பாலத்தில் நின்றவர்களின் பேச்சு இங்கே கேட்கவில்லை. பெயர் தெரியாத எத்தனையோ கைதிகள் ஆயுள் முழுக்கக் கேட்ட ஓசை இந்த ஆற்றினுடையது மட்டுமாகத்தான் இருந்திருக்கும்.

அடுத்த ஊர் செதெனில். அங்கே ஆறு அரித்த பாறை, தெருவுக்கு மேலே கூரையாக நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் அடியில் வெள்ளையடித்த சுவரும் கதவும் வைத்துவிட்டால் வீடு. ஒரு பக்கத்துத் தெருவுக்கு வெயில் குகைகள், எதிர்ப்பக்கத்துக்கு நிழல் குகைகள் என்று பெயர். நிழல் தெருவில் காப்பி குடித்தபோது தலைக்கு மேல் இருந்த பாறையிலிருந்து மழைநீர் சொட்டியது. கடைக்காரப் பெண்மணி பதறாமல் ஒரு வாளியை நகர்த்தி வைத்தார். எத்தனை தலைமுறையாக நகர்த்தும் வாளியோ.

மலையிலிருந்து இறங்கினால் சமவெளி, கோதுமை, சூரியகாந்திக்காக உழுத நிலம். பிறகு செவில். இங்கே ஓடுவது குவாதல்கிவிர். 'வாதி அல்-கபீர்', பெரிய ஆறு. "பெரியாறு" என்று நாங்கள் நால்வரும் ஒரே நேரத்தில் சொன்னோம். ஆற்றுக்குப் பெயர் வைப்பதில் மனிதர்களுக்கு எங்கும் ஒரே மனம்தான் போலிருக்கிறது. கடலிலிருந்து எண்பது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருந்தும் செவில் துறைமுகமானது இந்த ஆற்றால்தான். 1519 ஆகஸ்டில் மெகல்லனின் 5 கப்பல்கள் இங்கிருந்துதான் கிளம்பின. 1522 செப்டம்பரில் உலகைச் சுற்றிக்கொண்டு ஒரே ஒரு கப்பல், மலுக்குத் தீவுகளின் கிராம்புச் சுமையோடு, 18 பேரோடு திரும்பியது. மெகல்லன் அவர்களில் இல்லை.

அந்த மாலையில் ஊரே மணத்தது. செவிலின் தெருக்களில் ஆயிரக்கணக்கில் நிற்பவை கசப்பு நாரத்தை மரங்கள். குளிர்காலத்துப் பழம் இன்னும் சில கிளைகளில் தொங்க, புதுப் பூ வெடித்திருந்தது. பூவுக்கு 'அஸஹார்' என்கிறார்கள். அது அரபிச் சொல். பழத்துக்கு 'நரங்ஹா'. அரபியில் நாரஞ்ச், அதற்கு முன் பாரசீகத்தில் நாரங், அதற்கு முன் வடமொழியில் நாரங்கம். அதற்கும் முன் அது திராவிடச் சொல்லாகவே இருக்க வேண்டும் என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. நம் நாரத்தையும் மலையாளத்தின் நாரங்ஙாவும் அந்த வேரின் கிளைகள். கீழே கிடந்த ஒரு பழத்தை எடுத்துத் தோலைக் கீறினேன். ஊறுகாய்ப் பானையின் வாசனை வந்தது. பெரியாற்றங்கரையில் அம்மாவின் கை வாசனை வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

இங்கே யாரும் இதைத் தின்பதில்லை. மார்மலேட் செய்ய இங்கிலாந்துக்கு அனுப்புகிறார்கள். 2021-இல் நகரின் குடிநீர் நிறுவனம், தெருவில் உதிரும் பழங்களின் சாற்றை நொதிக்க வைத்து, அதில் வரும் வாயுவிலிருந்து மின்சாரம் எடுத்து நீர் சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டும் சோதனையைத் தொடங்கியது. அரபியர் நீர் பாய்ச்சி வளர்த்த மரத்தின் பழத்தை, நகரின் நீருக்கே ஆற்றலாக்கிப் பார்த்தார்கள்.

அதே ஆற்றின் கரையை ஒட்டி மேற்கிலிருந்து கிழக்கே போனால் கோர்டோபா. டமாஸ்கஸிலிருந்து ஆண்ட தன் குலமே வெட்டுண்டபோது தப்பி ஓடிவந்த இளவரசன் முதலாம் அப்துர் ரஹ்மான், இங்கே அரசை நிறுவி, 785-ஐ ஒட்டிப் பள்ளிவாசல் ஒன்றைத் தொடங்கினான். பின்வந்தவர்கள் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். உள்ளே நுழைந்தவுடன் கண் இருட்டுக்குப் பழக வேண்டியிருக்கிறது. பிறகு தூண்கள் தெரிகின்றன, 850-க்கும் மேல். ரோமானியர் இடிபாட்டிலிருந்து கிடைத்தவை, விசிகோத்துகளின் தேவாலயத்திலிருந்து வந்தவை என உயரம் கூடியும் குறைந்தும் இருந்ததால், தூணின் மேல் ஒரு வளைவு, அதன் மேல் இன்னொரு வளைவு என்று ஏற்றிக் கூரையைச் சமப்படுத்தியிருக்கிறார்கள். சிவப்புச் செங்கல், வெள்ளைக் கல், மாறி மாறி. "டேய், இது மாத்தூர்த் தொட்டிப்பாலம் மாதிரி இருக்கு" என்றான் பொறியாளன். அவன் கண் தப்பவில்லை. மெரிதாவில் ரோமானியர் கட்டிய நீர்ப்பாலத்தின் அடுக்கு வளைவுகளைப் பார்த்தே இவை பிறந்திருக்கலாம் என்று கட்டடக்கலை வரலாறு எழுதியவர்களும் சொல்கிறார்கள்.

தூண்களின் காட்டுக்கு நடுவே, 1523-இல் தொடங்கி, ஒரு முழு கத்தோலிக்கப் பேராலயத்தை எழுப்பியிருக்கிறார்கள். நிழலிலிருந்து திடீரென்று வெளிச்சமும் பொன்னும். இது வன்முறையா, இரண்டையும் ஒருசேரக் காப்பாற்றிய விபத்தா என்று இரவு வெகுநேரம் பேசினோம். நான் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த நடுப்பகுதியில் நிற்கும்போது எனக்கு வலித்தது. ஆனாலும் உள்ளே ஒரு வழிபாடு நடந்துகொண்டிருந்ததால்தான் மீதித் தூண்களை யாரும் பெயர்த்துக்கொண்டு போகவில்லை என்பதையும் மறுக்க முடியவில்லை.

வெளியே ஆற்றோரத்தில் ஒரு நீர்ச்சக்கரம் நிற்கிறது. பழையதன் மாதிரியில் செய்து வைத்தது. பழைய சக்கரம் ஆற்று நீரை அரண்மனைக்கு ஏற்றிக்கொண்டிருந்தது என்றும், அதன் கிறீச்சொலியில் உறக்கம் வரவில்லை என்று அரசி இசபெல்லா அதைக் கழற்றச் சொன்னார் என்றும் ஊரில் சொல்கிறார்கள். வீட்டு முற்றங்களில் மட்டும் நீர் நிற்கவே இல்லை. கோர்டோபாவின் முற்றங்களில் சுவர் முழுக்க ஜெரேனியத் தொட்டிகள். உயரத்தில் இருப்பவற்றுக்கு நீண்ட கழியின் முனையில் தகர டப்பாவைக் கட்டி நீர் ஊற்றுகிறார்கள். மே மாதத்தில் முற்றங்களுக்கென்றே விழா உண்டு. நாங்கள் போனது அதற்கு முன்னால். ஆனாலும் ஒரு பாட்டி கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டு, கழியைப் பாட்டுக்கார நண்பன் கையில் கொடுத்தார். நான்கு தொட்டிகளுக்கு ஊற்றினான். பாதி நீர் அவர் தலையிலேயே விழுந்தது. சிரித்துக்கொண்டே துடைத்துக்கொண்டார்.

அங்கிருந்து கிழக்கே ஹாயேன் மாகாணம் முழுவதும் ஒலிவ மரங்கள். 6 கோடிக்கும் மேல் என்கிறார்கள். ஒரு மணி நேரம் கார் ஓடியும் வரிசைகள் முடியவில்லை. குன்றுகளுக்குச் சீப்பால் தலைவாரி விட்டதுபோல் இருந்தன. மரத்தை 'ஒலிவோ' என்கிறார்கள், லத்தீன் வேர். காயை 'அசெய்தூனா', எண்ணெயை 'அசெய்தே' என்கிறார்கள், இரண்டும் அரபி. ஒரே மரத்தில் தண்டு ரோமானியருடையது, காய் அரபியருடையது.

கிரனாடாவுக்கு வந்த அன்று திட்டமில்லாமல் வந்ததற்கு விலை கொடுத்தோம். அல்ஹம்ப்ராவின் அரண்மனைகளுக்குப் பல நாட்களுக்குச் சீட்டு இல்லை. சிங்கமுற்றத்தை நாங்கள் பார்க்கவில்லை. ஆகவே அதைப் பற்றி எழுதவும் மாட்டேன். தோட்டங்களுக்கும் கோட்டைக்கும் மட்டும் சீட்டுக் கிடைத்தது. ஹெனராலிஃபே தோட்டத்தில் நீர்ப்படிக்கட்டு என்று ஒன்று இருக்கிறது. மரங்கள் கவிந்த படிக்கட்டு. இரு பக்கக் கைப்பிடிச் சுவர்களின் உச்சியில் ஓடு பதித்துக் கால்வாய் செய்திருக்கிறார்கள். கைப்பிடியைத் தொட்டால் விரலுக்கடியில் நீர் ஓடுகிறது. வெளியே வெயில்; இங்கே ஒலியே குளிர்ச்சியாக இருந்தது.

இந்த நீர் எப்படிக் குன்றின் மேல் வந்தது? தாரோ ஆற்றில் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் மேலே அணைகட்டி, அங்கிருந்து மலைச்சரிவை ஒட்டி, மட்டம் குறையாமல் வாய்க்கால் கொண்டுவந்திருக்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டில் நஸ்ரி மன்னர்களின் காலத்து வேலை. 'அசேக்கியா ரியல்', அரச வாய்க்கால். "அரண்மனையை யார் வேணா கட்டலாம்டா. இந்த வாட்டத்தைப் பிடிச்சவன்தான் பெரிய ஆள்" என்றான் பொறியாளன். நிலத்தின் சரிவை அவர்கள் வாட்டம் என்றுதான் சொல்வார்கள். நீர் ஓடும் அளவுக்குச் சாய்வு, மண்ணை அரிக்காத அளவுக்கு நிதானம். நாற்பது ஆண்டுகள் அதையே செய்தவன் சொன்னான்.

எதிர்க்குன்றின் சாக்ரோமோந்தேயில் கிதானோக்கள் பாறையைக் குடைந்து வாழ்ந்த வீடுகள் உண்டு. வடமேற்கு இந்தியாவிலிருந்து கிளம்பி, பல நூற்றாண்டு நடையில், 15-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினுக்கு வந்தவர்களின் வழியினர். 1749-இல் அரச ஆணைப்படி ஆயிரக்கணக்கான கிதானோக்களைப் பிடித்து, ஆண்களை வேறாகவும் பெண்களை வேறாகவும் அடைத்தார்கள். அதையும் தாண்டி வந்த பாட்டு ஃபிளமெங்கோ. அன்று இரவு ஒரு குகையில் வயதான பெண் ஒருவர் பாடினார். கைத்தட்டல்தான் தாளம். ஒரு சொல்லை எடுத்து, உடைத்து, இழுத்து, மூச்சு முடியும் இடம்வரை கொண்டுபோனார். பாட்டுக்கார நண்பன் கண்களைத் துடைத்துக்கொண்டான். பிறகு அவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, தங்கள் பழைய மொழியில் நீருக்கு என்ன சொல் என்று கேட்டோம். 'பாஞி' என்றார். இந்தியில் பானி. இலக்கணம் தேய்ந்து, நாடு மறந்து, எத்தனையோ தடைச் சட்டங்கள் போட்டும் அந்தச் சொல் உடன் வந்திருக்கிறது.

மறுநாள் ஊருக்கு வடகிழக்கே அல்ஃபகார் என்ற கிராமத்துக்குப் போனோம். அங்கே பாறை அடியில் ஓர் ஊற்று. தெளிந்த நீரின் தரையிலிருந்து குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வருகின்றன. அரபியர் இதற்கு 'ஐனதமார்' என்று பெயரிட்டார்கள். கண்ணீர் ஊற்று. 11-ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து வாய்க்கால் வெட்டிக் கிரனாடாவின் அல்பைசின் குன்றுக்குக் கொண்டுபோனார்கள். அல்பைசினின் சந்துகளில் நிற்கும் பழைய தொட்டிகளை நிரப்பியது இந்த நீர்தான்.

ஊற்றுக்கு அருகில்தான், 1936 ஆகஸ்டில், கவிஞர் ஃபெதெரிகோ கார்சியா லோர்காவைச் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு 38 வயது. அவரோடு ஒரு பள்ளி ஆசிரியரும் காளை அடக்குவோர் இருவரும். கிதானோக்களின் பாட்டையும் அரபியரின் கிரனாடாவையும் தன் மொழிக்குள் கொண்டுவந்தவர் அவர். உடல் இதுவரை கிடைக்கவில்லை. 2009-இல் தோண்டிப் பார்த்தார்கள், எதுவும் இல்லை. இந்தச் சரிவில் இன்னும் எத்தனையோ பேர் பெயரில்லாமல் புதைந்திருக்கிறார்கள். அங்கே உள்ள பூங்கா ஒன்றில் யாரோ ஒலிவ மரத்தடியில் காகிதப் பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நாங்கள் யாரும் பேசவில்லை. ஊற்றுக்குப் பெயரிட்டவர்கள் இதைக் கண்டவர்கள் அல்லர். ஆனாலும் அந்தப் பெயரை மாற்ற இனி யாருக்கும் மனம் வராது.

கிரனாடாவிலிருந்து தெற்கே போகும் சாலையில் 'மூரின் பெருமூச்சு' என்று ஒரு கணவாய். 1492 ஜனவரி 2-இல் நகரை ஒப்படைத்துவிட்டு வந்த கடைசி மன்னன் போஅப்தில், இங்கே திரும்பிப் பார்த்து அழுதான் என்பது கதை. வண்டிகள் நிற்காமல் விரைகின்றன. அவன் போன மலைப்பக்கமே நாங்களும் போனோம், அல்புஹாரா.

சியெர்ரா நெவாடாவின் தெற்குச் சரிவு அது. பம்பனெய்ரா, புபியோன், கபிலெய்ரா என்று ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வெள்ளை ஊர்கள். தட்டைக் கூரை, அதன் மேல் பூசிய சாம்பல் நிறக் களிமண், தொப்பி வைத்த உருண்டைப் புகைபோக்கி. பம்பனெய்ராவின் தெருவுக்கு நடுவே கல்லில் வெட்டிய ஓடையில் பனிநீர் ஓடுகிறது. 1567-இல், கிறித்தவராக மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களான மோரிஸ்கோக்களின் மொழி, உடை, குளியலறை எல்லாவற்றையும் தடைசெய்தார்கள். அடுத்த ஆண்டு இந்த மலை கிளர்ந்தது. கிளர்ச்சியை ஒடுக்கி, மக்களை வேரோடு பெயர்த்து, வடக்கிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். வந்தவர்களுக்கு இந்தப் படிக்கட்டு வயல்களுக்கு எப்படி நீர் விடுவது என்று தெரியாததால், ஊருக்கு இரண்டு குடும்பங்களை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். 1609-இல் தொடங்கிய இறுதி வெளியேற்றத்தில் நாடு முழுவதுமிருந்து ஏறத்தாழ 3 லட்சம் பேர் போனார்கள்.

போகாமல் நின்றவை சொற்கள். வாய்க்கால் அசேக்கியா, குளம் அல்பெர்கா, தொட்டி அல்ஹிபே, நீர்ச்சக்கரம் நோரியா, தடுப்பணை அசூத். எல்லாம் அரபி. மொழியைத் தடைசெய்தவர்கள் நீர் கேட்கும்போது அந்த மொழியில்தான் கேட்டிருக்கிறார்கள்.

கபிலெய்ராவுக்கு மேலே வாய்க்கால் கரையில் நடந்தோம். மண் வாய்க்கால்தான், சிமென்ட் இல்லை. ஒரு முதியவர் மண்வெட்டியோடு சருகை அள்ளிக்கொண்டிருந்தார். அவர் அசேக்கியேரோ, நம் ஏரிப்பாசன ஊர்களின் நீர்கட்டியைப் போல. வசந்தத்தில் பனி உருகும்போது இந்த வாய்க்கால்கள் நீரை வயலுக்குக் கொண்டுபோவதில்லை என்றார். மலையில் நுண்துளை உள்ள இடங்களாகப் பார்த்து வேண்டுமென்றே கசிய விடுகிறார்கள். மலைக்குள் இறங்கிய நீர் வாரங்கள், மாதங்கள் கழித்து, கோடையில் கீழே ஊற்றுகளாக வருகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய உத்தி. இளைஞர்கள் நகரத்துக்குப் போனதால் பல வாய்க்கால்கள் தூர்ந்துவிட்டன. கிரனாடா பல்கலைக்கழகத்தார் தன்னார்வலர்களோடும் ஊராரோடும் சேர்ந்து சிலவற்றைத் தூர்வாரி மீட்டு வருகிறார்கள்.

பொறியாளன் அவரிடம் மண்வெட்டியைக் கேட்டு வாங்கினான். மொழிபெயர்க்க எங்களை அழைக்கவில்லை. இருவரும் குனிந்து ஒரு மடையைத் திறந்தார்கள். கரையில் ஒரு கைப்பிடி மண் சரிந்தபோது முதியவர் புல்கட்டியை வைக்கும் முன்பே இவன் வைத்துவிட்டான். அவர் இவனை நிமிர்ந்து பார்த்துத் தோளில் தட்டினார். என் பயணத்தில் நான் கண்ட ஒரே அரச மரியாதை அது.

அந்தலூசியாவுக்குப் போகிறவர்கள் அல்ஹம்ப்ராவுக்கு முன்கூட்டியே சீட்டு எடுத்துவையுங்கள். கிடைக்காவிட்டாலும் திரும்பிவிடாதீர்கள். தெற்கே அல்புஹாராவுக்குப் போய் ஏதாவது ஓர் ஊரில் இறங்கி, அசேக்கியா எந்தப் பக்கம் என்று கேளுங்கள். அதன் கரையில் நடக்க யாரும் சீட்டுக் கேட்பதில்லை.